வாவிக்கரை வீட்டின் பழைய படுக்கையறை

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்குப்புறத்தை எழுவான்கரை என்றும் மேற்குப்புறத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஆண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டைக் கடந்து வறண்டு வரும் கச்சான் காற்று இவ்விரு கரைகளையும் வாட்டும். ஐப்பசி தொடக்கம் தை வரையிலோ வாடையும் மழையும் சுவர்களை ஊறவைக்கும். கடலின் உப்பும் வாவியின் ஈரமும் எக்காலத்தும் உள்ளவை. இப்பகுதி முன்னோர் தமது படுக்கையறையை அமைத்தபோது அழகை மாத்திரம் கருதினாரல்லர். இக்காற்றையும் இவ்வீரத்தையுமே முதலிற் கருதினர். பழைய முறையில் ஓர் அறையை அணிசெய்ய விரும்புவோர் உளங்கொள்ள வேண்டியது இதுவே. எங்கோ விலைகொடுத்து வாங்கிய பித்தளை விளக்கையும் பாடாத பாட்டுப்பெட்டியையும் மூலைக்கொன்றாக நிறுத்திவைத்தால் அறை பழையதாகிவிடாது. பழம்பொருட் கடையின் பின்கட்டுப் போலவே தோன்றும்.

அறையின் தலைமைப் பொருள் கட்டில். ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில், கடைந்த கால்களும் பிரம்புப் பின்னலுமுடைய கட்டில், தாங்கிகளின்மேல் உயர்ந்து நிற்கும் பெட்டகம், சாய்வுக் கதிரை ஆகியவை இலங்கையின் கரையோர வீடுகளிற் புகுந்தன. மட்டக்களப்பில் அவற்றைச் செய்த கைகளுட் பறங்கியர் கைகளும் இருந்தன. போர்த்துக்கேயக் கலப்புமொழியை வீட்டுமொழியாகப் பேணிவந்த அச்சமூகத்திற் பலருக்குத் தச்சு பரம்பரைத் தொழில். மரத்துக்கோ குறைவில்லை. பொன்மஞ்சள் ஒளி வீசும் முதிரையும் கரிய கருங்காலியும் அயற்காடுகளிலேயே வளர்ந்தன. இன்று அவற்றை அனுமதியின்றி வெட்டுவதும் ஏற்றிச்செல்வதும் குற்றமாகும். ஆதலின் வீட்டிலுள்ள ஒரு பழைய முதிரைக் கட்டிலுக்கு ஈடாக மற்றொன்றைச் செய்வித்தல் எளிதன்று.

அக்கட்டிலில் பலகைத் தளத்துக்குப் பதிலாகப் பிரம்பைப் பின்னியதற்குக் காரணம் உண்டு. பின்னலின் கண்களூடாகக் காற்று கீழிருந்து மேலேறும். மாரியிலும் படுக்கையிற் பூஞ்சணம் பிடிப்பது குறையும். இதன்மேல் தடித்த இரப்பர் மெத்தையை இட்டால் அப்பயன் முழுவதும் போய்விடும். இலவம்பஞ்சு அடைத்த மெல்லிய மெத்தையே இதற்கு ஏற்றது. அதனை வெயில் கண்ட நாட்களில் உலர்த்த வேண்டும். பின்னல் தொய்ந்தால் கட்டிலையே கழிப்பது பேதைமை. பிரம்பை நீரில் ஊறவைத்துப் பின்னினால், உலருந்தோறும் அது தானே இறுகும். மரத்தின் அழுக்கை நீக்கக் காரச் சோடாவிட்டுக் கழுவுவோர் உளர். அது நிறத்தைக் கருக்கிப் பொருத்துகளையும் தளர்த்தும். ஈரத்துணியால் துடைத்து உலர்ந்தபின், அரக்கை மதுசாரத்திற் கரைத்த மெருகைப் பூசுதல் போதும்.

இத்தகைய பொருள்கள் இப்பகுதியில் அருகிவிட்டன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி கூரைகளைக் கொண்டுபோயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய கரையூர்களில் வீடுகளையே கொண்டுபோயிற்று. இடையிற் போரும் இடப்பெயர்வும். இவையனைத்துக்கும் தப்பிய கட்டில் ஒன்று திருமண வீட்டிலே தோற்றுப்போவதுதான் வியப்பு.

வாவிப் பிரதேசத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவுவதை நேயர்கள் அறிவர். வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் அங்கு வந்து வாழ்வான். சில காலத்தின் பின்னர்ப் பெற்றோர் அவ்வீட்டை மூத்த மகளுக்கு விட்டு, இளைய பிள்ளைகளோடு அயலில் வேறொரு வீட்டுக்குப் பெயர்வதும் வழக்கம். ஆகவே படுக்கையறை என்பது தாய் மகளுக்குக் கையளிக்கும் அறை. அக்கையளிப்பின்போதே பழைய கட்டில் பின்வளவுக் கொட்டிலுக்குப் போகிறது. கோழி அடைகிடந்த பின்னர் சொற்ப விலைக்கு வியாபாரியிடமும் போகிறது. புதிய தளபாடம் இல்லையெனில் மணமகன் வீட்டார் முன் மதிப்புக் குறையுமென்று கடன்பட்டு வாங்குகின்ற தாய்மார் உளர். அவ்வாறு வாங்கப்படுவது பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. ஓரங்களில் ஈரம் புகுந்தால் அது ஊதி உதிரும். ஊதியதைச் சீர்செய்யத் தச்சனாலும் இயலாது. கடன் தீருமுன் அலுமாரியின் கதவு சரிந்துவிடும். கொட்டிலிற் கிடப்பதைச் சீர்செய்வித்து மணவறையில் இடுதல் சிக்கனம் மட்டுமன்று, பெருமையுமாகும். அதனைப் பெரியோர் முன்வந்து சொன்னாலன்றி இளையோர் ஏற்கத் துணியார்.

சுவரும் யன்னலும் அடுத்துக் கவனிக்கத்தக்கவை. பழைய சுண்ணச்சாந்துச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும். அது சுவரின் ஈரத்தை வெளியே விடும். நெகிழிக் கலப்புள்ள வர்ணம் அவ்வீரத்தை உள்ளே அடைப்பதால் பொருக்குப் பொருக்காக உரியும். முன்னர் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். கரையைக் காக்கும் பொருட்டு அது இப்பொழுது தடைசெய்யப்பட்டுள்ளது. யன்னற் கதவு மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்திருந்தால் அதனை மாற்றலாகாது. கீழ்ப்பாதியை அடைத்து மறைவைக் காத்துக்கொண்டே மேற்பாதியாற் காற்றைப் பெறலாம். கதவுநிலைக்கு மேலுள்ள மரச்சல்லடையைக் கண்ணாடியிட்டு மூடுவதும் தவறு.

துணிவகையில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருதமுனையின் கைத்தறி புகழ்பெற்றது. கோடிட்ட பருத்தித் துணியில் திரைச்சீலையும் விரிப்பும் அமைத்தால், பூவேலை செய்த பளபளப்புத் துணியிலும் பார்க்க அவ்வறைக்குப் பொருந்தும். நிலத்துக்குப் பன்பாய். பன் என்னும் கோரையை உலர்த்திச் சாயமூட்டி இப்பகுதிப் பெண்கள் இழைப்பது அது. சீமெந்துத் தரையின் குளிர்ச்சியை மறைக்காமல் காலுக்கு இதமளிக்கும்.

கட்டிலின் நான்கு மூலைக்கம்புகளும் நுளம்புவலைக்காகவே எழுந்தவை. மலேரியா இலங்கையிலிருந்து ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிற் சான்றளித்தது. அதனால் வலை வெறும் அலங்காரமென எண்ணலாகாது. டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. நண்பகலில் உறங்கும் குழந்தைக்கு அவ்வலை இன்றும் காவல். அரிக்கன் லாம்பை மின்விளக்காக மாற்றி வைக்க விரும்புவோர் அதனை வலைக்கு எட்டாத தூரத்தில் வைக்கவேண்டும்.

இக்கட்டில்கள் பெரும்பாலும் கழற்றிப் பூட்டத்தக்கவை. அவ்வொழுங்கு தெரிந்த முதிய தச்சர் ஊரில் இருக்கும்போதே அவரை அழைத்து, ஒருமுறை கழற்றிப் பூட்டுவித்து, சட்டங்களின் உட்புறத்தில் வரிசை இலக்கம் இட்டுவைத்தல் நன்று. ஆணியடித்துப் பொருத்தப்பட்ட கட்டில் அடுத்த முறை வாசலைக் கடக்கும்போது பிளக்கும்.