கோபால் சொன்ன கதையும் எமது கதையும்

சென்ற மாதம் நியூ ஜேர்சியில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நாலைந்து குடும்பங்களாகக் கூடியிருந்து 'புதிய பறவை' பார்த்தோம். 1964 இல் வெளிவந்த படம். ஊரில் எம்மிற் பலர் பல தடவை பார்த்ததுதான். படம் முடிந்ததும் ஒரு தம்பி எம்மருகே வந்தமர்ந்தார். தஞ்சம் கோரிய நேர்முகத்தில் அவருடைய வாக்குமூலம் நம்பத்தக்கதன்று எனக் கூறப்பட்டு, வழக்கு குடிவரவு நீதிமன்றுக்குச் சென்றிருக்கிறது.

"சேர், கோபால் சொன்ன பொய்யை எல்லாரும் நம்பினவை. நான் நடந்ததைத்தானே சொன்னனான், ஏன் நம்பேல்லை?" என்று கேட்டார்.

கேள்வி எம்மை வீடுவரை தொடர்ந்தது.

தாதா மிராசி இயக்கிய அப்படத்தில், தன் மனைவி சித்ரா புகையிரதப் பாதையில் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று சிவாஜி கணேசன் ஏற்ற கோபால், சரோஜாதேவி ஏற்ற லதாவிடம் உருகிச் சொல்கிறான். கண்ணாற் கண்டதை யார் ஐயுறுவர்? அவன் சொல்வதைத் திரை எமக்குக் காட்டிவிடுகிறது, ஆகவே நம்பிவிடுகிறோம். நானே சித்ரா என்று ஒருத்தி வந்து நிற்கையில் அவளையே சந்தேகிக்கிறோம். கோபத்தில் அறைந்து, இறந்தவளின் உடலைத் தண்டவாளத்தில் இட்டவன் கதை சொன்னவனே என்பது இறுதியிலேயே வெளிப்படுகிறது.

அதற்குப் பத்தாண்டுகள் முன்னர், 1954 இல், எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்தது. பாடலே இல்லாத படம். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943 ஒக்டோபரே அதன் பின்னணி. சுடப்பட்டுக் கிடக்கும் வானொலிப் பொறியியலாளன் ராஜனைப் பற்றி அயலவர், தம்பி, தம்பி மனைவி, காதலி எனப் பலரும் வெவ்வேறு கதை கூறுகின்றனர். அவரவர் மனத்தாங்கலே அவரவர் கதைக்கு வடிவம் தருகிறது. குண்டு பாய்ந்ததோ மனைவி உஷாவின் கைத்துப்பாக்கியிலிருந்து.

இவ்விரு படங்களும் ஒன்றை உணர்த்துகின்றன: ஒழுங்காகச் சொல்லப்படுவதால் மட்டும் ஒரு கதை உண்மையாகிவிடாது, முரண்படுவதால் மட்டும் பொய்யாகிவிடாது.

நெவார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஹூஸ்டனிலும் எம்மவர் அமரும் விசாரணை அறைகளில் முரண்பாடே முதலிற் கவனிக்கப்படுகிறது. 2005 ஆம் ஆண்டின் 'ரியல் ஐடி' சட்டப்படி, கோரிக்கையின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாட்டையும் நீதிபதி கணக்கிலெடுக்கலாம். எனினும் சகல சூழ்நிலைகளையும் சேர்த்தே அவர் எடைபோட வேண்டும். "பொங்கலுக்கு முந்தின கிழமை" என்று நாம் சொல்வது மொழிபெயர்ப்பில் ஒரு திகதியாகிவிடுகிறது. அடுத்த தடவை வேறொரு திகதி வருகிறது.

2002 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஏற்கெனவே பிரித்தானியாவில் தங்க அனுமதி பெற்றிருந்த கொசோவோ, பொஸ்னிய அகதிகளிடம் ஒரே சம்பவம் இருமுறை கேட்கப்பட்டது. பொய் சொல்லத் தேவையற்ற அவர்களின் கூற்றுகளிலும் வேறுபாடுகள் இருந்தன. பக்க விபரங்களில் அவை அதிகம்.

ஆகவே தம்பிக்கு நாம் சொன்னது இவ்வளவே: தெரிந்ததைச் சொல்லுங்கள், ஞாபகமில்லாததை ஞாபகமில்லை என்றே சொல்லுங்கள், மொழிபெயர்ப்புப் பிழைத்தால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். கோபாலைப் போல இடைவெளிகளை அழகாக நிரப்ப முயலாதீர்கள்.

அவர் இப்போது ஒரு கொப்பியில் நடந்தவற்றை எழுதி வருகிறார். முதற் பக்கத்தில் ஒரு திகதி; அதனருகே, 'சரியாகத் தெரியாது'.