பந்தாட்டத் தோழர் மூவர்

கல்லூரியில் கற்ற பாடங்களுள் பலவற்றை மனிதன் மறந்து விடுகிறான். கல்லூரி மைதானத்தில் தன்னுடன் ஆடிய தோழனை மறப்பதில்லை. வகுப்பில் பக்கத்துப் பலகையில் அமர்ந்தவனுடைய பெயர் நினைவுக்கு வாராது போகலாம். தக்க சமயத்தில் பந்தைத் தட்டிக் கொடுத்தவனுடைய முகம் முதுமையிலும் கண்முன் நிற்கும். அத்தகைய தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக மறையும்போது, எஞ்சி நிற்பவர் படும் துயரம் உடன்பிறந்தாரை இழந்த துயரத்திற்குச் சற்றும் குறைந்ததன்று.

இந்தியக் கால்பந்து உலகில் அவ்வாறு சேர்ந்து ஆடி, சேர்ந்து புகழ் பெற்று, மூன்றாண்டுக் காலத்திற்குள் அடுத்தடுத்து மறைந்த மூவரை இங்கே நினைவு கூர விரும்புகிறோம். பிரதீப் குமார் பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் என்போரே அம்மூவர். முன்னிருவரும் வங்காளிகள். பலராமோ, சிகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் வாழ்ந்த தமிழ்ப் பெற்றோரின் மைந்தர். பானர்ஜியும் பலராமும் இரயில்வே அணிகளுக்கு ஆடியவர்கள். ஆகவே, அயலூரில் வாழும் தமிழர் என்ற முறையிலும், இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர் என்ற முறையிலும், இவர்களைப் பற்றி எழுத நமக்கு இரட்டை உரிமை உண்டென்று கருதுகிறோம்.

ஆசிரியர் வளர்த்த அணி

மூவரையும் ஒன்று சேர்த்தவர் சையத் அப்துல் ரஹீம். 1909-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்த இவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். உஸ்மானியா பல்கலைக் கழக அணியில் ஆடியவர். 1950-ஆம் ஆண்டு முதல் 1963-இல் தாம் மறையும் வரை இந்திய அணியின் பயிற்சியாளராக விளங்கினார்.

ரஹீமின் பயிற்சி முறை பள்ளிக்கூட வாத்தியாரின் முறையே. ஆட்டக்காரர் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதைத் தடுக்க, பந்தைக் கடத்திச் செல்லக் கூடாது, உடனே தோழனுக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியோடு பந்தயங்கள் நடத்தினார். வலிமை குறைந்த காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடும் நடத்தினார். கையெழுத்துச் சரியில்லாத பையனை நாள்தோறும் இரண்டு பக்கம் எழுதச் செய்யும் ஆசிரியரின் பொறுமைதான் அது. அதன் பயனாக 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கமும், 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் நாட்டிற்குக் கிட்டின.

அந்நாளில் விளையாட்டு வீரனை உருவாக்குவதற்கென்று பெரும் பொருட்செலவில் அமைந்த பயிற்சி நிலையங்கள் இல்லை. கல்லூரி, பட்டாளம், இரயில்வே, ஊர்க் கழகம் ஆகிய நான்குமே விளைநிலங்கள். 1962-இல் ஜகார்த்தா சென்ற அணியைப் பார்த்தால் இது விளங்கும். தலைவர் சுனி, கல்கத்தா பல்கலைக் கழகத்திற்குக் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடியவர். தற்காப்பு வீரர் ஜர்னெயில் சிங், பஞ்சாபில் மாஹில்பூர் கால்ஸா கல்லூரியின் மைதானத்திலிருந்து வந்தவர். சந்திரசேகர் மேனன் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் ஆடியவர். கோல் காத்த பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து பட்டாளத்தில் வளர்ந்தவர். பானர்ஜியை இரயில்வே தந்தது.

பலராமுக்குக் கல்லூரி வாய்க்கவில்லை. வறுமை அவரை மேற்படிப்புக்கு விடவில்லை. அம்முகூடாவிலிருந்து ஹைதராபாத் சென்று பயிற்சி பெற வண்டிச் சத்தத்திற்கும் வழியில்லாத நிலை. மிதிவண்டி வாடகைக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்து அவரை வரவழைத்தவர் ரஹீம். கல்லூரி மாணவனுக்குக் கல்லூரி செய்ததை, இந்த ஏழைச் சிறுவனுக்கு ஓர் ஆசிரியர் செய்தார்.

இரயில்வேயின் பெருமை

பானர்ஜி 1936-இல் பிறந்தவர். ஜம்ஷெட்பூரில் பள்ளிப் படிப்பு. 1955-இல் கிழக்கு இரயில்வே அணியில் சேர்ந்தார். மோஹன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் பெருங் கழகங்களில் ஆட்டக்காரராக அவர் சேரவே இல்லை. 1958-இல் கல்கத்தா லீக் பட்டத்தைக் கிழக்கு இரயில்வே அணியே வென்றது. மூன்று பெருங் கழகங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்த பட்டத்தை ஓர் இரயில்வே அணி பறித்துச் சென்றது. அதன் பிறகு அம்மூன்றையும் சாராத ஓர் அணி அப்பட்டத்தை வெல்ல 2019-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பகலில் அலுவலும் மாலையில் ஆட்டமுமாக வாழ்ந்தவர்கள் செய்த சாதனை இது என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது.

1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் பானர்ஜி அணித் தலைவர். பிரான்ஸுக்கு எதிரே அவர் அடித்த கோலால் ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தவர் பலராம்.

ஜகார்த்தாவில் பெற்ற பொன்

1962-இல் இந்தோனேஷியா, இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இடமளிக்க மறுத்தது. அதனை இந்திய ஒலிம்பிக் பிரமுகர் ஜி. டி. ஸோந்தி கண்டித்தார். அதன் விளைவாக ஜகார்த்தா மக்களின் சினம் இந்திய வீரர் அனைவர் மேலும் திரும்பிற்று. மைதானத்தில் கூச்சலும் ஏளனமுமே வரவேற்பு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. ஜப்பானுடன் ஆடிய ஆட்டத்தில் பானர்ஜியும் பலராமும் ஆளுக்கொரு கோல் அடிக்க, 2-0 என்று வெற்றி கிட்டிற்று.

அரையிறுதியில் ரஹீம் ஒரு துணிவான காரியம் செய்தார். தலையில் கட்டுடன் இருந்த ஜர்னெயிலைத் தற்காப்பிலிருந்து எடுத்து முன்னணியில் நிறுத்தினார். தென்வியட்நாம் 3-2 என்று வீழ்ந்தது. சுனி இரண்டு கோல், ஜர்னெயில் ஒன்று. செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. பானர்ஜி ஒன்று, ஜர்னெயில் ஒன்று, முடிவு 2-1. தங்கம் நமதாயிற்று. ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து பெற்ற கடைசித் தங்கம் அதுவே.

ரஹீம் அப்போதே நோயுற்றிருந்தார். 1963 ஜூன் 11-ஆம் தேதி புற்றுநோய்க்கு இரையானார். அதே ஆண்டு ஈஸ்ட் பெங்காலை விட்டு வங்காள நாக்பூர் இரயில்வே அணியில் சேர்ந்த பலராமையும் நுரையீரல் நோய் பற்றிற்று. இருபத்தேழாம் வயதில், மற்றவர்களுடைய ஆட்டம் கனியும் பருவத்தில், அவருடைய ஆட்டம் முடிந்தது. சுனி 1964-இல் ஆசியக் கோப்பையில் அணியை இரண்டாம் இடத்திற்கு நடத்திச் சென்றார். பின்னர் கிரிக்கெட்டுக்குத் திரும்பி, 1971-72-இல் வங்காள அணிக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்றார். பானர்ஜி பயிற்சியாளராகி, 1970-இல் பாங்காக்கில் வெண்கலம் பெற்ற அணிக்கு வழிகாட்டினார்.

எஞ்சி நின்றவர்

2020 மார்ச் 20-ஆம் தேதி பானர்ஜி மறைந்தார். நாற்பத்தொரு நாள் கழித்து, ஏப்ரல் 30-ஆம் தேதி சுனி மறைந்தார். ஊரடங்கு நாள்கள் அவை. பல்லாயிரவர் கைதட்டிய வீரரை வழியனுப்பப் பலர் கூட முடியாத காலம். 2021 ஆகஸ்டில் சந்திரசேகரும் சென்றார். ஜர்னெயிலும் தங்கராஜும் முன்பே, 2000-இலும் 2008-இலும் போய்விட்டனர். ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில், மணம் புரியாது தனித்து வாழ்ந்த பலராம் மட்டும் மூவருள் எஞ்சி நின்றார். 2023 பிப்ரவரி 16-ஆம் தேதி, எண்பத்தாறாம் வயதில், அவரும் தோழர்களைப் பின்தொடர்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாது விட முடியவில்லை. அர்ஜுனா விருது மூவருக்கும் கிடைத்தது: பானர்ஜிக்கு 1961, பலராமுக்கு 1962, சுனிக்கு 1963. பத்மஸ்ரீ சுனிக்கு 1983-இலும் பானர்ஜிக்கு 1990-இலும் வந்தது. பலராமுக்கு வரவே இல்லை. அவ்வருத்தத்தை அவர் மறைத்துக் கொள்ளவும் இல்லை. சுனிக்குத் தபால் தலை உண்டு. பானர்ஜியின் பிறந்த நாளான ஜூன் 23 சிறுவர் கால்பந்து நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவை தகுதியான பெருமைகளே. அவற்றைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும் மூன்றாமவருக்கு என்ன செய்தோம் என்ற கேள்வி நெஞ்சை உறுத்துகிறது.

பிறந்தது ஹைதராபாத் சீமை, ஆடியது கல்கத்தா, பேச்சு தமிழ்ப் பெற்றோரிடம் கற்றது. இத்தகையவரை எந்த ஊர் தன் மகன் என்று உரிமை கொண்டாடும்? பிறந்த ஊருக்கு அவர் கல்கத்தாக்காரர். கல்கத்தாவுக்கு அவர் ஹைதராபாத்காரர். தமிழ்நாட்டிலோ அவரை அறிந்தார் சிலரே. வெளியூரில் குடியேறி வாழும் நம் ஒவ்வொருவர் வீட்டுப் பிள்ளைக்கும் இந்நிலை நேரக்கூடியதே. பிறர் உரிமை கொண்டாடும் வரை காத்திராமல், நாமே அத்தகையோரை நம்மவர் என்று சொல்லிப் போற்ற வேண்டும்.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் கல்லூரி அணியிலோ இரயில்வே அணியிலோ ஆடிய முதியோர் இருப்பர். சுவரில் மங்கிய ஒரு படம், பெட்டியடியில் ஒரு கிண்ணம், பத்திரிகைத் துணுக்கு ஒன்று, அவ்வளவே மிஞ்சியிருக்கும். பிள்ளைகளை அவர்கள் அருகே அமர்த்தி, படத்தில் நிற்போர் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு அதன் பின்புறத்தில் எழுதி வைக்குமாறு அன்பர்களை வேண்டிக் கொள்கிறோம். இருப்பவர் இருக்கும்போதே கேட்க வேண்டும். பெயர் தெரியாத முகத்திற்கு யார் அஞ்சலி செலுத்த முடியும்?

மாலையில் தெருவில் பந்து உதைக்கும் சிறுவனிடம் பானர்ஜி, சுனி, பலராம் என்ற மூன்று பெயர்களையும் சேர்த்தே சொல்லுங்கள். சேர்ந்து ஆடியவர்களை நினைவிலும் பிரிக்காதிருப்பதே நாம் அவர்களுக்குச் செய்யக் கூடிய மரியாதை.