பழைய பிக்கப் டிரக்: தளம் மரமா, இரும்பா?

1947ஆம் ஆண்டின் செவ்ரலே பிக்கப் டிரக்கைப் பின்னாலிருந்து பார்ப்போருக்குச் சற்று வியப்பாக இருக்கும்.

வண்டி முழுக்க இரும்பு. ஆனால் சரக்கு ஏற்றும் 'பெட்' பகுதியின் தரையில் மட்டும் நீள நீளமான மரப் பலகைகள்.

"இரும்பு வண்டிக்கு ஏன் மரம்? மரம்னா சீக்கிரம் உளுத்துப் போயிடுமே!"

பழைய டிரக்கைப் புதுப்பிக்க நினைப்போருக்கு இந்தச் சந்தேகம் எழுவது இயல்பு. மரத்தை எடுத்துவிட்டு இரும்புத் தகட்டைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும்.

உண்மையில் மரத்துக்கும் இரும்புக்கும் எதிரி ஒன்றுதான்: தேங்கி நிற்கும் தண்ணீர்.

அதைப் புரிந்துகொண்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எளிதாகிவிடும்.

மரத் தளம் எப்படி வந்தது?

தொடக்கக் காலத்தில் பலர் எஞ்சினும் சக்கரங்களும் கொண்ட சேசிஸை மட்டும் வாங்கினர். பின்பகுதியை உள்ளூர்த் தச்சரோ வண்டி கட்டுபவரோ மரத்தில் செய்துகொடுத்தார். குதிரை வண்டி செய்த அதே கைகள், அதே முறை.

1925இல் ஃபோர்ட் நிறுவனம் 'மாடல் டி' காரில் எஃகுப் பெட்டியைப் பொருத்தித் தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக விற்றது. விலை 281 அமெரிக்க டாலர்.

அதற்காக மரம் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. 1947 முதல் 1955 வரை வந்த செவ்ரலேயின் 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையில் மரத் தளம்தான். 1958இல் அறிமுகமான நேர்ப்பக்க 'ஃபிளீட்சைடு' வகையிலும் மரம் இருந்தது. பின்சக்கர மூடி வெளியே புடைத்திருக்கும் 'ஸ்டெப்சைடு' வகையில் மரத் தளம் 1980கள் வரை நீடித்தது.

மரத்தில் என்ன நன்மை?

பலகைகளுக்கு நடுவே நீளமான எஃகுப் பட்டைகள் ஓடும். அவை பலகைகளின் ஓரங்களை அழுத்திப் பிடிக்கும். போல்ட் பட்டை வழியாகக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் இறங்கும்.

இந்த அமைப்பில் மூன்று வசதிகள்:

- பெட்டிகளை இழுக்கும்போது அவை எஃகுப் பட்டைமீது வழுக்கிச் செல்லும். மரம் அதிகம் தேயாது.
- ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். வெல்டிங் தேவையில்லை. ஸ்பேனர் போதும்.
- கனமான பொருள் விழுந்தால் மரத்தில் வடு விழும். மெல்லிய தகடு நெளிந்துவிடும்.

சத்தமும் குறைவு. காலி வண்டி மேடுபள்ளத்தில் ஓடும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்படியென்றால் இரும்பு ஏன் வந்தது?

வரிவரியாக மடிப்பு வைத்த எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி எடுத்துவிட்டால் பலகை, பட்டை, போல்ட் என்று தனித்தனியாகப் பொருத்தத் தேவையில்லை. தொழிற்சாலைக்கு வேலை மிச்சம்.

வாங்குபவருக்கும் வசதி உண்டு. மணல், சரளைக்கல் ஏற்றினால் இடுக்கு வழியாகக் கொட்டாது. கூட்டிவிடுவதும் கழுவிவிடுவதும் எளிது. எண்ணெய் சிந்தினால் ஊறாது.

இரும்புதானே கனம்?

இங்கேதான் பலரும் தவறாக எண்ணிவிடுகின்றனர்.

சுமார் ஆறரை அடி நீளமும் 50 அங்குல அகலமும் உள்ள தளத்தை எடுத்துக்கொள்வோம். முக்கால் அங்குலத் தடிமனில் வெள்ளை ஓக் பலகை போட்டால் சுமார் 36 கிலோகிராம். பைன் என்றால் 28 கிலோகிராம் அளவில் இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு சுமார் 30 கிலோகிராம்.

மரத் தளத்துக்கு எஃகுப் பட்டைகளின் எடையும், தகட்டுக்கு மடிப்புகளின் எடையும் கூடுதலாகச் சேரும். ஆக, எடையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

எந்த மரம் நல்லது?

செவ்ரலே டிரக்குகளில் பரவலாக இருந்தது அமெரிக்காவின் தென்பகுதியில் வளரும் மஞ்சள் பைன். விலை குறைவு, சாயம் நன்றாக ஒட்டும். ஆனால் மென்மையானது.

ஓக் கடினமானது. அதிலும் வேறுபாடு உண்டு. வெள்ளை ஓக்கின் நுண்துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும், தண்ணீர் எளிதில் ஊடுருவாது. அதனால்தான் மதுப் பீப்பாய் செய்ய அதைப் பயன்படுத்துகின்றனர். சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தவை. வெளியில் நிற்கும் வண்டிக்கு வெள்ளை ஓக்கே மேல்.

ஓக்கில் டானின் என்ற பொருள் உண்டு. சாதாரண இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மரத்தில் கறுப்புக் கறை படியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நம் வட்டாரத்து மரம் ஒன்றும் இந்தக் கதையில் வருகிறது. மலேசியாவில் 'கெருயிங்' என்று சொல்லப்படும் மரம் அமெரிக்காவில் 'அபிடோங்' என்ற பெயரில் கனரக டிரெய்லர்களின் தளத்துக்குப் போகிறது. கப்பல் கொள்கலன்களின் ஒட்டுப்பலகைத் தரையிலும் அது இருக்கும்.

உறுதியான மரம்தான். ஆனால் வெயில் பட்டால் பிசின் கசியக்கூடும். கெருயிங் இனங்களில் பல, அழியும் அபாயத்தில் உள்ளவை என்பதையும் மறக்கக்கூடாது. சட்டப்படி வெட்டப்பட்ட மரமா என்று விசாரித்து வாங்குவது நல்லது.

மரத் தளம் எங்கே கெடும்?

நடுவில் அல்ல, ஓரத்தில். பலகையின் வெட்டு முனைகள், போல்ட் துளைகள், பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் விளிம்புகள் ஆகியவையே தண்ணீரை உறிஞ்சும் இடங்கள்.

மேல்பக்கம் மட்டும் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டு, அடிப்பக்கத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும்? கீழிருந்து ஈரம் ஏறும். பலகை வளையும். மேலே வார்னிஷ் உரியும்.

முதலில் துளையிட வேண்டும். பிறகு ஆறு பக்கங்களுக்கும் துளைகளின் உள்ளேயும் பூச்சு கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பொருத்த வேண்டும்.

வெயிலில் வார்னிஷ் வெடிக்கும். எண்ணெய்ப் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். சாயம்தான் வெயிலை நன்றாகத் தடுக்கும்.

இன்னொன்று: செம்பு கலந்த இரசாயனத்தில் பதப்படுத்திய பைன் சாதாரண எஃகை அரிக்கக்கூடியது. "பூச்சி அரிக்காதே" என்று நினைத்து அதை வாங்கினால் பட்டையும் போல்ட்டும் துருப்பிடிக்கலாம்.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரமான இடங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. அமெரிக்காவில் சூளையில் உலர்த்திய பலகையின் ஈரப்பதம் வழக்கமாக 6 முதல் 8 விழுக்காடு. நம் காற்றில் அது மெல்ல 15 விழுக்காட்டை எட்டக்கூடும். அப்போது 150 மில்லிமீட்டர் அகல ஓக் பலகை, வெட்டிய விதத்தைப் பொறுத்து 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை விரியும்.

8 பலகைகளை இடைவெளி விடாமல் இறுக்கிவிட்டால்? விரிய இடமில்லாமல் மேலே எழும்பும். பட்டை மறைக்கும் இடத்தில் சிறு இடைவெளி விடுவது அதற்காகத்தான்.

இரும்புத் தளம் எங்கே கெடும்?

மேலே பார்த்தால் தெரியாது. கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

தகடும் குறுக்குச் சட்டமும் சேரும் இடுக்கில் சேறு ஒட்டும். சேற்றில் ஈரம் தங்கும். துரு அங்கேதான் தொடங்கும். மேலே சாயம் கொப்புளிக்கும்போது உள்ளே தகடு பாதி தின்னப்பட்டிருக்கலாம்.

ரப்பர் விரிப்பு போடுவோர் கவனிக்க வேண்டும். அதற்கு அடியில் போன தண்ணீர் சீக்கிரம் காயாது. தெளிப்புப் பூச்சு நல்லதுதான், ஆனால் சுத்தமான இரும்பின்மேல் மட்டும். துருவின்மேல் அடித்தால் அது துருவை நிறுத்தாது, கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும்.

துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கலாம். பெட்ரோல் தொட்டி அருகில் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அது வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை அல்ல.

"அசல் மாதிரியே வேணும்" என்றால்?

அந்த ஆண்டு, அந்த வகை வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். மரத்துடன் வந்த வண்டிக்கு மரம், எஃகுடன் வந்ததற்கு எஃகு.

ஒரு வேடிக்கை: கண்காட்சிகளில் கண்ணாடிபோல் மின்னும் ஓக் தளம் அழகுதான். ஆனால் அது பெரும்பாலும் அசல் அல்ல. அந்தக் காலத்து வேலைக்கார வண்டிகளின் பலகைகளுக்குச் சாயம் பூசுவதே வழக்கம்.

மரத்திலிருந்து இரும்புக்கு மாறுவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல மாடல்களில் இரண்டுக்கும் குறுக்குச் சட்டங்கள் வேறு. தகட்டின் விலை மட்டும் கணக்கல்ல.

எப்படி முடிவெடுப்பது?

- கண்காட்சி, வார இறுதி ஓட்டம், கூரையுள்ள நிறுத்துமிடம்: மரம்.
- மணல், கல், எண்ணெய் பிசுக்குள்ள பொருள்கள்: இரும்பு.
- வெல்டிங் தெரியாது, நீங்களே செய்ய ஆசை: மரம்.
- ஆண்டுக்கு ஒருமுறை பூச்சைக் கவனிக்க நேரமில்லை: இரும்பு. ஆனால் அடிப்பக்கத்தைக் கழுவத்தான் வேண்டும்.
- எப்போதும் திறந்தவெளியில், மழையில் நிற்கும் வண்டி: சாயம் பூசிய மரம் அல்லது அடிப்பக்கம் பாதுகாக்கப்பட்ட இரும்பு. வார்னிஷ் வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரக்கைக் கட்டும் கயிற்றை வெறும் பலகையிலோ மெல்லிய தகட்டிலோ மாட்டக்கூடாது. கொக்கி கீழே உள்ள சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். மோட்டார்சைக்கிளை ஏற்றிச் செல்லும்போது பலகை பெயர்ந்தால் பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து.

புதிய தளத்துக்குப் பணம் கொடுக்குமுன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். குறுக்குச் சட்டங்கள் துருப்பிடித்திருந்தால் முதல் செலவு அங்கேதான். அது உறுதியாக இல்லாவிட்டால் மேலே போடும் ஓக்கும் நிற்காது, எஃகும் நிற்காது.