ஒரே அலையில் இரண்டு ஒலிபரப்பு: உச்சத்தை அடக்கும் வழி

ஒலிபெருக்கியில் பேசுபவர் திடீரெனக் குரலை உயர்த்தினால் பேச்சு கரகரத்துப் போவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பெருக்கி தன்னால் இயன்றதற்கு மேல் மின்திறனைத் தர முடியாமல் ஒலியலையின் தலையை வெட்டிவிடுவதே அதற்குக் காரணம். சராசரிக் குரலுக்கு அந்தப் பெருக்கி தாராளமாகப் போதும். கணநேர உச்சத்துக்குத்தான் அது போதவில்லை.

வானொலி நிலையங்களின் ஒலிபரப்புக் கருவிகளுக்கும் இதே தொல்லை உண்டு. வானொலிப் பொறியியலில் நெடுங்கால ஈடுபாடு கொண்டவன் என்ற முறையில், அமெரிக்க எப்.எம். நிலையங்களில் இத்தொல்லை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தணிக்கப்படுகிறது என்பதை இங்கே எளிய முறையில் விளக்க விரும்புகிறேன்.

பழையதும் புதியதும்

அமெரிக்காவின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் 2002ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு புதிய முறைக்கு அனுமதி அளித்தது. எப்.எம். நிலையங்கள் தங்கள் வழக்கமான ஒலிபரப்பை நிறுத்தாமல், அதன் இரு பக்கங்களிலும் மின்னிலக்க ஒலிபரப்பையும் சேர்த்து அனுப்பலாம். எச்.டி. ரேடியோ என அழைக்கப்படும் இம்முறையின் சிறப்பு, பழைய வானொலிப் பெட்டி வைத்திருப்பவரைக் கைவிடாததுதான். அவர் கேட்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். புதிய பெட்டி வாங்கியவர் மின்னிலக்க ஒலியைக் கேட்கலாம்.

ஆனால் இவ்விரண்டும் முற்றிலும் மாறுபட்ட குணம் உடையவை. எப்.எம். அலையின் வலிமை எப்போதும் ஒரே சீராக இருக்கும். அதன் அதிர்வெண் மட்டுமே ஒலிக்கேற்ப ஏறி இறங்கும். ஆகவே பெருக்கியை அதன் முழுத் திறனில் ஓட்டலாம், மின்சாரமும் வீணாகாது. மின்னிலக்கப் பகுதியோ, மைய அதிர்வெண்ணிலிருந்து ஏறத்தாழ 129 முதல் 198 கிலோஹெர்ட்ஸ் வரை, இரு பக்கமும் பரவி நிற்கும் 382 சிறு அலைகளின் தொகுப்பு. இச்சிறு அலைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். சில கணங்களில் பல அலைகள் ஒரே திசையில் எழுந்துவிடும். எல்லாம் ஒருசேர எழுந்தால் உச்சம் சராசரியைப்போல் 382 மடங்காகும். அது நடப்பதே இல்லை எனலாம். ஆனால் 10 மடங்கு உச்சம் வினாடிக்குச் சில முறையாவது வரும்.

கணக்கு சொல்வது என்ன?

ஒரு நிலையத்தின் எப்.எம். திறன் 10 கிலோவாட் எனக் கொள்வோம். தொடக்கத்தில் மின்னிலக்கப் பகுதிக்கு இதில் 1 விழுக்காடு, அதாவது 100 வாட், அனுமதிக்கப்பட்டது. திறன் என்பது வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. எப்.எம். வீச்சை 100 என்று வைத்துக்கொண்டால், மின்னிலக்கத்தின் சராசரி வீச்சு 10. 10 மடங்கு திறனுள்ள உச்சத்தில் அது 32. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால் 132. அதற்குரிய திறன் சுமார் 17 கிலோவாட்.

மின்னிலக்க ஒலி போதிய தூரம் எட்டவில்லை என்பதால், 2010 ஜனவரியில் அந்த அளவைப் பெரும்பாலான நிலையங்கள் 4 விழுக்காடு வரையும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 விழுக்காடு வரையும் உயர்த்த ஆணையம் இசைந்தது. 10 விழுக்காட்டில் சராசரி வீச்சு 32, உச்ச வீச்சு 100. எப்.எம். வீச்சுடன் கூட்டினால் 200. திறன் நான்கு மடங்காகி 40 கிலோவாட்! சராசரியாக வெளியே செல்வது 11 கிலோவாட்தான். அதற்காக 40 கிலோவாட் தாங்கும் பெருக்கியை வாங்க வேண்டும். அது பெரும்பாலான நேரம் தன் திறனுக்கு வெகு கீழே ஓடி, மின்சாரத்தை வெப்பமாக்கிக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கும் தனித்தனிப் பெருக்கி வைத்துப் பின்னர் இணைக்கலாமே என்று கேட்கலாம். பரவலாகக் கையாளப்பட்ட ஓர் இணைப்பு முறையில், மின்னிலக்கத் திறனில் பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகப் போய்விடும். 1 கிலோவாட்டை வானில் விட 10 கிலோவாட் உண்டாக்க வேண்டும்.

கடிகார முட்கள்

சுழலும் ஒரு நீண்ட முள்ளை எண்ணிப் பாருங்கள். அதன் நீளம் மாறாது, அதுவே எப்.எம். அதன் நுனியில் ஒரு சிறு முள், கணத்துக்குக் கணம் நீளமும் திசையும் மாறியவாறு நிற்கிறது, அது மின்னிலக்கம். மையத்திலிருந்து சிறு முள்ளின் நுனி வரை உள்ள தூரமே பெருக்கி தர வேண்டிய வீச்சு.

நீண்ட முள் 10, சிறு முள் 3 என்றால், இரண்டும் ஒரே திசையில் நிற்கும்போது தூரம் 13. சிறு முள் செங்குத்தாக நின்றால் தூரம் 10.4 மட்டுமே. எதிர்த்திசையில் நின்றால் 7. சிறு முள் நீண்டிருப்பதால் மட்டும் தொல்லை இல்லை. நீண்ட முள்ளின் திசையிலேயே நீளும்போதுதான் தொல்லை. மின்னிலக்கத்தைத் தனியே பார்த்து வெட்டினால், தீங்கற்ற உச்சங்களையும் வெட்டி ஒலியை வீணே கெடுக்கிறோம். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்த்தே வெட்ட வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

வெட்டியபின் செப்பனிடுதல்

வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. வெட்டிய பிழை, உள்ளே எப்.எம். ஒலியிலும் வெளியே அண்டை நிலையத்தின் அலையிலும் இரைச்சலாகச் சிந்தும். கணினி அதை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, சிந்தியதைத் துடைத்தெடுக்கிறது. 382 சிறு அலைகளிலும் பிழை படிந்திருக்கும். தகவல் சுமக்கும் ஒவ்வொரு சிறு அலையும் நான்கு கட்டங்களில் ஒன்றைக் குறிக்கும் புள்ளி போன்றது. பெறும் கருவி எந்தக் கட்டம் என்பதையே பார்க்கிறது. புள்ளி எல்லைக்கோட்டை விட்டு விலகியிருந்தால் நன்மையே. கோட்டை நெருங்கினால் மட்டும் திருத்த வேண்டும். வழிகாட்டியாக உள்ள சிறு அலைகளைப் பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும்.

இவ்வாறு செப்பனிட்டபின் உச்சம் மீண்டும் சிறிது தலைதூக்கும். எனவே வெட்டுவதும் திருத்துவதும் சில சுற்றுகள் தொடரும். மேலே சொன்ன கணக்கில் 200 என்ற உச்ச வீச்சு 160 ஆகக் குறைந்தால், பெருக்கி தாங்க வேண்டிய திறன் 40 கிலோவாட்டிலிருந்து 25.6 கிலோவாட்டாகக் குறைகிறது.

நிதி வசதி குறைந்த ஒரு சிறிய நிலையத்துக்கு இந்த வேறுபாடு பெரிது. புதிய ஒலிபரப்பைத் தொடங்க முடியுமா, மாதாமாதம் மின்கட்டணம் செலுத்த முடியுமா என்பதையே இது தீர்மானிக்கக்கூடும். வெவ்வேறு தலைமுறைக் கைத்தொலைபேசி அலைகளை ஒரே பெருக்கியில் அனுப்பும் கோபுரங்களிலும் இதே சிக்கல் எழுகிறது; தீர்வின் அடிப்படையும் இதுவே. பழைய பெட்டி வைத்திருப்பவருக்கும் புதிய பெட்டி வாங்கியவருக்கும் குறை நேராமல், இருவருக்கும் இடையே நின்று உச்சத்தை மட்டும் தணிப்பதே பொறியாளரின் பணி என்பது என் கருத்து.