பிரான்ஸ் பண்ணை வீட்டில் தங்க ஆசையா? இது ஹோட்டல் இல்லை... இதற்கென்று தனிச் சட்டமே இருக்கு!

பாரிஸில் ரூம் போடுவது போலவே பிரான்ஸ் நாட்டின் கிராமங்களில் இருக்கும் பண்ணை வீடுகளிலும் ரூம் போடலாம். காலையில் வீட்டிலேயே செய்த ஜாமுடன் ரொட்டி, ஜன்னலைத் திறந்தால் மாட்டுத் தொழுவம் என அந்த அனுபவமே வேற! ஆனால், ஹோட்டல் என்று நினைத்து நள்ளிரவில் போய் நின்றால், கதவைத் திறக்க ஆள் இருக்காது. ரூம் சர்வீஸும் கிடையாது. ஏன் இப்படி?

அது என்ன 'ஷாம்ப்ர் தோத்'?

உரிமையாளர் தான் வசிக்கும் வீட்டிலேயே சில ரூம்களை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுவதுதான் 'ஷாம்ப்ர் தோத்'. 'விருந்தினர் அறை' என்று பொருள்.

பிரான்ஸ் சட்டப்படி இதில் அதிகபட்சம் 5 ரூம்கள்தான், ஒரே நேரத்தில் 15 பேர் வரைதான் தங்க முடியும். அதைத் தாண்டினால் கூடுதல் பாதுகாப்பு விதிகள் வந்துவிடும். விருந்தினர்களை அந்த வீட்டுக்காரர்தான் வரவேற்க வேண்டும். ரூம் குறைந்தது 9 சதுர மீட்டர் இருக்க வேண்டும். காலை உணவும், படுக்கை விரிப்பு, டவல் போன்றவையும் வாடகையிலேயே அடங்கிவிடும். அதற்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது.

உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே தெரிவிக்காமல் ரூம் விட்டால் அபராதம் உண்டு.

எப்படி ஆரம்பிச்சது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேலை தேடி மக்கள் நகரங்களுக்குப் போக, பிரான்ஸ் கிராமங்களில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. இன்னொரு பக்கம், 1936 முதலே தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை கிடைத்தது. லீவு இருக்கு, ஆனா ஹோட்டலில் தங்க காசு இல்லை என்பதுதான் பல குடும்பங்களின் நிலைமை.

இந்த இரண்டு பிரச்னையையும் சேர்த்துப் பார்த்தவர் எமில் ஓபேர் என்ற செனட்டர். அவரது முயற்சியில் 1951-ல் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் முதல் 'ஜீத்', அதாவது வாடகை கிராமத்து வீடு, திறக்கப்பட்டது. 1955-ல் 'ஜீத் து பிரான்ஸ்' என்ற கூட்டமைப்பு உருவானது. ஹோட்டலுக்கு நட்சத்திரம் போல, இந்த அமைப்பு வீடுகளுக்குத் தரும் தரக் குறியீடு கோதுமைக் கதிர்!

விவசாயிக்கு என்ன லாபம்?

1955-ல் பிரான்ஸில் சுமார் 23 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் அது 4 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. சின்னப் பண்ணைகள்தான் அதிகம் அடிபட்டன.

பாலின் விலை பெரும்பாலும் விவசாயி கையில் இல்லை. ஆனால், தன் வீட்டு ரூமுக்கு விலை வைப்பது அவர்தான். மழை பொய்த்தாலும், கொள்முதல் விலை சரிந்தாலும் இந்த வருமானம் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். தங்க வருபவர்களே சீஸ், தேன், ஜாம் வாங்கிப் போவதால் இடைத்தரகரும் இல்லை.

அதே நேரம் இது சும்மா வரும் பணமும் இல்லை. பால் மாடு வைத்திருப்பவர் காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். அதற்கு நடுவில்தான் விருந்தினருக்கு ரொட்டி எடுத்து வைப்பதும், ரூமைச் சுத்தம் செய்வதும். அதனால்தான் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்பே கேட்கிறார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறலாமா?

'ஜீத்' என்றால் தனி வீடு. சமையலறை இருக்கும், நீங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். 'ஷாம்ப்ர் தோத்' என்றால் ரூமும் காலை உணவும்.

இன்னொரு விஷயம், 'பழைய பண்ணை வீடு' என்று விளம்பரம் வந்தாலே அங்கே விவசாயம் நடக்கிறது என்று அர்த்தம் இல்லை. பல வீடுகள் புதுப்பிக்கப்பட்ட கட்டடங்கள் மட்டுமே. உண்மையான பண்ணைதான் வேண்டும் என்றால், பிரான்ஸ் வேளாண் சபைகள் 1988-ல் தொடங்கிய 'பியென்வெனு ஆ லா ஃபெர்ம்' அடையாளத்தைத் தேடலாம். 'பண்ணைக்கு நல்வரவு' என்று பொருள். இது விவசாயிகளுக்கான அமைப்பு.

ராத்திரி சாப்பாடு கிடைக்குமா?

சில வீடுகளில் மட்டும் கிடைக்கும். இதற்கு 'தாப்ள் தோத்' என்று பெயர். முன்கூட்டியே சொல்ல வேண்டும், தனிக் கட்டணம். மெனு கார்டெல்லாம் கிடையாது. வீட்டில் அன்று என்ன சமையலோ, அதுதான் எல்லோருக்கும். குடும்பத்தோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே தங்காதவர்களுக்குப் பரிமாறக் கூடாது என்பதும் விதி.

சைவம் சாப்பிடுபவர்கள், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்கள் புக் செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது. மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால், சமைத்தவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பட்டினி.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க...

* ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் தேவை. போனில் மட்டும் பேசி முடிக்காமல், உறுதிப்படுத்தும் கடிதத்தை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.
* பல கிராமங்களில் பஸ் வசதி குறைவு. கார் ஓட்டுவதாக இருந்தால், கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச டிரைவிங் பெர்மிட் வாங்கிவிடுங்கள். அங்கே சாலையின் வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும்.
* பல ஊர்களில் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பெரியவர்களுக்குச் சுற்றுலா வரி உண்டு. வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.
* வழியில் தாமதமானால் உடனே ஒரு போன் பண்ணிடுங்க. உங்களுக்காக விழித்திருப்பவர் விடிவதற்குள் தொழுவத்துக்குப் போக வேண்டியவராக இருக்கலாம்.