தலைநகரின் தெற்கே ஓர் அமைதி வனம்

தில்லிக்குச் சுற்றுலா வரும் குடும்பங்கள் பெரும்பாலும் செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட் என்று நாள்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றுக்கிடையே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, துக்ளகாபாத் கோட்டைக்கு அருகிலுள்ள அசோலா–பாட்டி வனவிலங்குச் சரணாலயத்துக்கும் சென்று வரலாம். குளிர்கால விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு அங்குச் சென்றோம். பெயரைக் கேட்டதும் "யாருடைய பாட்டி?" என்று பிள்ளைகள் சிரித்தனர். அசோலா, பாட்டி இரண்டும் அங்குள்ள சிற்றூர்களின் பெயர்கள்.

உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களுள் ஒன்றான ஆரவல்லியின் வடபகுதி இது. வாயிலைக் கடந்து சிறிது தொலைவு நடந்ததுமே சாலையின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. புதர்களுக்கு இடையே மயில்கள் அகவின. நீலான் ஒன்று எங்களைச் சற்றே உற்று நோக்கிவிட்டு மெல்ல விலகிச் சென்றது. இங்குச் சிறுத்தைகளும் வாழ்கின்றன. மனிதர் கண்ணில் அவை எளிதில் படுவதில்லை.

இந்த அமைதி தானாகக் கிடைத்ததன்று. தில்லியின் கட்டடங்களுக்குத் தேவையான 'பதர்பூர்' செம்மணலுக்காகப் பல்லாண்டுகள் தோண்டப்பட்ட நிலம் இது. 1986இல் அசோலா பகுதியும் 1991இல் பாட்டி பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பிராந்திய ராணுவத்தின் சூழலியல் படைப்பிரிவினர் சுரங்க நிலத்தில் மரக்கன்றுகளை நட்டு வளர்த்தனர். பழைய சுரங்கக் குழிகளில் நீர் தேங்கி, இன்று நீல ஏரிகளாகக் காட்சி தருகின்றன. பாறை வெடிப்புகளின் வழியே இறங்கும் மழைநீர் நகரின் நிலத்தடி நீரையும் பெருக்குகிறது.

உடன் வந்த எங்கள் அன்னையார் இராமநாதபுரத்துக்காரர். வழிநெடுகிலும் நின்ற முள்மரத்தைப் பார்த்து, "இது நம் ஊர்ச் சீமைக்கருவேலம் அல்லவா!" என்று வியந்தார். அதுவேதான். தில்லியில் அதன் பெயர் 'விலாயத்தி கீகர்'. கீகர் என்றால் கருவேலம். விலாயத்தி என்றால் சீமை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரத்தை ஆங்கிலேயர் இம்மலைப்பகுதியில் நட்டனர். அது பரவிய இடங்களில் 'தௌ', புரசு போன்ற மண்ணின் மரங்கள் பின்வாங்கின. அவற்றை மீட்பது ஒரு தலைமுறைப் பணி. ஒரேயடியாக வெட்டினால் நிலம் வெறுமையாகும். கூடு கட்டிய பறவைகளும் இடமிழக்கும்.

குரங்குகளைப் பற்றியும் ஒரு சொல். தில்லி உயர்நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டு ஆணைப்படி, நகரில் பிடிக்கப்படும் குரங்குகள் இங்கே கொண்டுவந்து விடப்பட்டன. பரிவுடன் நாம் நீட்டும் வாழைப்பழமே அவற்றை மீண்டும் சாலைக்கும் வீடுகளுக்கும் இழுத்து வருகிறது. பையில் உள்ள தின்பண்டத்தை வெளியே எடுக்காதிருப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் நன்மை.

செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். ஏரிகளில் இறங்காதீர்கள், அவை ஆழமான சுரங்கக் குழிகள். பிள்ளைகளிடம் ஒலிபெருக்கிக்குப் பதிலாக ஒரு தொலைநோக்கியைக் கொடுங்கள்.