பால் கணக்குக் காலண்டரில் ஜிம்மி

ஜிம்மி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்குப் பன்னிரண்டு வயது. அடுத்த தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டியம்மா வளர்த்த நாய். தெருவில் எல்லோரும் பொமரேனியன் என்பார்கள். சரியாகச் சொன்னால் இந்தியன் ஸ்பிட்ஸ். பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் எங்கள் கேட்டைத் தட்டினார். “அக்கா, அடுத்த வாரம் எனக்கு ஃபிளைட். இதை என்ன பண்றதுன்னே தெரியல. தெருவுல விட மனசு வரல.” சங்கிலி, சாப்பாட்டுத் தட்டு, தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு கட்டைப் பையில் இருந்தன.

இரண்டு நாள் ஜிம்மி தட்டைத் தொடவில்லை. கேட்டைப் பார்த்தபடியே நின்றது. கால் கடுத்தால் அப்படியே மடங்கி உட்கார்ந்தது. மூன்றாம் நாள் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். “அம்மா கட்டின புடவை ஏதாவது துவைக்காம இருக்காப்பா?” காரியத்துக்காக வீட்டையே கழுவிவிட்டிருந்தார்கள். கட்டிலுக்கடியில் தப்பிக் கிடந்த ஒரு நீலச் சுங்குடிப் புடவை அகப்பட்டது. ஜிம்மி அதைச் சுற்றிச் சுற்றி மோந்தது. பிறகு அதன்மேல் சுருண்டு படுத்தது, விடியும்வரை எழவே இல்லை. காலையில் தயிர்சாதம் சாப்பிட்டது.

நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சுமார் 50 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், மயக்க மருந்து இல்லாமலே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுத்திருக்க 12 நாய்களைப் பழக்கினார்கள். அந்த நாய்களுக்கு ஐந்து வாசனைகள் காட்டப்பட்டன: அவற்றின் சொந்த வாசனை, பழகிய நாய், பழகாத நாய், பழகிய மனிதர், பழகாத மனிதர். நல்லது ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் கிளர்ந்தெழும் காடேட் என்னும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மிக அதிகமாக விழித்துக்கொண்டது. அந்த மனிதர் பக்கத்தில் இல்லாதபோதும் அப்படி. புடவைமேல் ஜிம்மி தூங்கியதை நான் இப்போது அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வயதான நாயை எடுத்துக்கொள்பவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதுதான். வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். பழைய துணியைத் துவைக்காதீர்கள். அது சாப்பிட்டுப் பழகிய நேரத்தையும் உணவையும் கொஞ்ச நாளைக்கு மாற்றாதீர்கள். காப்பகத்துக்கு வரும் நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் முதல் மூன்று நாள் உயர்ந்திருப்பதை மைக்கேல் ஹென்னஸி குழுவினர் 1997இல் காட்டினார்கள். அந்த மூன்று நாளில் நாய் முகம் கொடுக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் பதைக்கும்.

பன்னிரண்டு வயது என்றால் மனிதக் கணக்கில் எவ்வளவு? ஏழால் பெருக்கி 84 என்போம். 2020இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 104 லேப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயதோடு படியும் மெத்தில் குறிகளை மனிதரோடு ஒப்பிட்டார்கள். ஒரு வயது நாய் 31 வயது மனிதருக்குச் சமம் என்று வந்தது. பன்னிரண்டுக்குச் சுமார் 71. நாய் முதல் சில ஆண்டுகளில் பாய்ந்து முதிர்கிறது, பிறகு மெல்ல நடக்கிறது. இது லேப்ரடாருக்கான கணக்கு என்பதை மறக்கக் கூடாது. நாய்களில் பெரிய உடம்புக்காரர்கள் சீக்கிரம் மூப்படைகிறார்கள். 74 இனங்களை ஆராய்ந்த கொர்னேலியா கிராவ்ஸ் குழு, உடல் எடையில் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைவதாகக் கணித்தது. ஜிம்மி எட்டு கிலோ. அதன் கணக்கில் இன்னும் நாட்கள் இருந்தன.

அதன் கண்ணில் நீலப்படலம் இருந்தது. “பார்வை போயிடுச்சு போல” என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். வயதான நாயின் கண் வில்லையில் நார்கள் நெருங்கி இறுகுவதால் வரும் நீலச் சாயல் அது. கண்புரையைப் போலப் பார்வையை மறைப்பதில்லை. எத்தனையோ நாய்களை “குருடு” என்று சொல்லி வேண்டாம் என்கிறார்களே, டார்ச் அடித்து ஒரு மருத்துவர் பார்த்தால் பல நாய்களுக்கு அந்தப் பழி நீங்கிவிடும்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குக் கவலை வந்தது. மனிதருக்கு அல்சைமர் நோயில் படிவது போலவே பீட்டா அமிலாய்டு என்ற புரதம் நாயின் மூளையிலும் படியும். கதவின் கீல் பக்கம் போய் நின்று திறக்கச் சொல்வது, பகலெல்லாம் தூங்கி இரவில் உலாத்துவது, பழகிய இடத்தை விட்டுக் கூடத்தில் சிறுநீர் கழிப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். கலிபோர்னியாவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதமும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதமும் ஒரு அறிகுறியாவது காட்டின. அடங்காமை என்று அடிப்பவர்களுக்கு இது தெரிந்தாக வேண்டும். நாங்கள் ஒரு சின்ன இரவு விளக்கைப் போட்டோம். நாற்காலிகளை இடம் மாற்றுவதை நிறுத்தினோம். குரைப்பு முழுக்க நிற்கவில்லை, குறைந்தது.

உழைத்து ஓய்ந்த நாய்களின் கதி இதைவிடக் கொடுமையாக இருந்தது. பணிக்கு உதவாத ராணுவ நாய்களை ஊசி போட்டு முடித்துவிடுகிறார்கள் என்பது 2015இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே வந்து, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு கொள்கை மாறியது. இன்று மீரட்டில் அவற்றுக்கு ஓய்வு இல்லம் இருக்கிறது, பொதுமக்களும் தத்தெடுக்கலாம். அமெரிக்காவில் 2000 நவம்பரில், ராபி என்ற 11 வயது ராணுவ நாயின் பெயரால் இதற்கு ஒரு சட்டம் வந்தது. ராபிக்கு மட்டும் அது பயன்படவில்லை. 2001 ஜனவரியில் அதற்கு ஊசி போடப்பட்டது. நம் மண்ணில், திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில் வீரனின் காலடியில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று பெயரும் வெட்டியிருக்கிறார்கள். வீட்டு நாய்க்கு நடுகல் வேண்டாம். சோறு தண்ணீர் கிடைக்காமல் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதாவது நினைவிருக்கட்டும்.

இரண்டு ஆண்டு கழித்து ஜிம்மி தண்ணீரை நிறையக் குடிக்கத் தொடங்கியது. “கிரியேட்டினின் ஏறியிருக்கு மேடம்” என்றார் மருத்துவர். சிறுநீரகத்தின் முக்கால் பங்கு ஓய்ந்த பிறகே அந்த எண் ஏறும். அதனால் நோய் தெரியும்போது காலம் கொஞ்சமே மிஞ்சியிருக்கும். வலிக்கிறதா என்று நாயிடம் கேட்க முடியாது. அது பெரும்பாலும் முனகாது. எழுந்திருக்க நேரமெடுக்கும், ஓரிடத்தையே நக்கும், குளிர்ந்த இரவிலும் மூச்சு வாங்கும். தலைவலிக்கு நாம் போடும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூபன் நாய்க்கு நஞ்சு.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு மதிப்பெண் முறை வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பார். நான் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே, ஜிம்மி சாப்பிட்டு வால் ஆட்டிய நாளுக்கு வட்டம், இல்லாத நாளுக்குப் பெருக்கல் குறி. மனசு நல்ல பொழுதுகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். காலண்டர் அப்படிச் செய்யாது.

தரை நாறுகிறது என்று ஊசி கேட்பவர்கள் உண்டு. “தானாப் போகட்டும், நம்ம கையால வேண்டாம்” என்று வாயில் நுரை தள்ளும்வரை விடுபவர்கள் அதைவிட அதிகம். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. கருணைக் கொலை என்ற சொல்லில் உள்ள கொலை நம்மை அஞ்சவைக்கிறது. அந்த அச்சத்தின் வலியை நாய் சுமக்கிறது.

ஒரு வாரத்தில் ஐந்து பெருக்கல் குறி விழுந்தது. மருத்துவரை வீட்டுக்கே வரச் சொன்னோம். “முதல்ல மயக்கத்துக்குப் போடுவீங்களா டாக்டர்?” என்று கேட்டேன். இந்தக் கேள்வியை எல்லோரும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். நினைவோடு இருக்கும் விலங்குக்கு நேரடியாக இதயத்தை நிறுத்தும் உப்புகளை ஏற்றுவது கொடுமை. முதலில் மயக்கம், பிறகு முன்னங்கால் ரத்தக்குழாயில் பார்பிட்யூரேட் வகை மருந்து. நொடிகளில் மூளை அடங்கும், அடுத்து மூச்சு, சில நிமிடங்களில் இதயம். கண் மூடாது. தசை துடிக்கலாம், நின்ற மூச்சு ஒருமுறை இழுத்துக்கொள்ளலாம். உயிர் இருப்பதாகப் பதற வேண்டாம். ஜிம்மிக்கு ஒரே ஒரு முறை மீசை அசைந்தது. ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு மருத்துவர் தலையாட்டினார்.

அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும். தோண்டித் தின்னும் காக்கைக்கும் பருந்துக்கும் தெருநாய்க்கும் அது எமன். அதனால் முருங்கை மரத்தடியில் ஆழமாகவே குழி வெட்டி, மேலே கல் அடுக்கினோம்.

அன்று இரவு பாட்டியின் மகன் போன் செய்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “அக்கா, அம்மா புடவை இருக்கா?” என்றார்.

“அதுலதான் சுத்திப் படுக்க வச்சோம்ப்பா.”